முழங்கை பட்ட இடம்

எங்கள் ஷெட்டின் கூரையில் நடுவே மூன்று தகரங்களைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஷீட் போட்டிருக்கிறோம். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவருக்கு வானத்து வெளிச்சம் வேண்டும். ட்யூப் லைட்டை நம்பிக் கலக்கிய நிறம், தெருவுக்கு வந்ததும் பல்லை இளித்துவிடும். கண்ணாடிக்குக் கீழே பெயின்டர் அண்ணனின் இடம். சுவரோரமாக என் தையல் மெஷின். கார் சீட்டுகளைப் பிரித்துப் பஞ்சு மாற்றி உறை தைப்பது என் வேலை. ஒன்பது வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். என் பஞ்சு பறந்து அவர் ஈரப் பெயின்டில் ஒட்டும், அவர் பெயின்ட் பறந்து என் தலையில் ஒட்டும். இதற்காகச் சண்டை போடாத நாள் எங்களுக்கு ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கும்.

இரண்டு நாள் பெய்த மழை விட்ட ஒரு காலையில் அந்த வண்டி வந்தது. உருண்ட முதுகும் வட்டக் கண்களுமாக முப்பத்தெட்டு வயசு வண்டி. மேலே மெரூன் கலர், அதுவும் அங்கங்கே கொப்பளித்து உரிந்திருந்தது. மகன் ஓட்டி வந்தான். பக்கத்தில் அவன் அம்மா. முப்பது வருடம் தபாலாபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் தபாலம்மாதான். பேச்சும் அப்படித்தான், கம்பிக்குக் கீழே ஸ்டாம்ப் நகர்த்துகிற மாதிரி, கேட்டதுக்குக் கேட்ட அளவு.

"பழைய கலருக்கு மாத்தணும்" என்றார்.

"பழைய கலர்னா?" என்றார் பெயின்டர் அண்ணன்.

"அவர் ஓட்டின கலர்."

அவர் என்றால் அவருடைய வீட்டுக்காரர், டிரைவர் ஐயா. இந்த ஒரே வண்டியை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தியவர். எந்தச் சவாரி இருந்தாலும் நாலரை மணிக்குத் தபாலாபீஸ் முனையில் வண்டியை நிறுத்தி, வேலை முடிந்து வரும் மனைவியை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். இருபத்தாறு வருடம் அதில் ஒரு நாள் பிசகியதில்லையாம். வயசாகி ஓட்டுவதை விட்ட பிறகு மகன் வண்டியைக் கல்யாண வாடகைக்கு விட ஆசைப்பட்டு மெரூன் அடித்தான். அது நடந்து பதினோரு வருடம். இப்போது இரண்டு வருடமாக டிரைவர் ஐயாவுக்கு நினைவு நழுவிக்கொண்டே போகிறது.

"நாலு மணியானா சட்டையை மாட்டிக்கிட்டு சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுறாருண்ணே" என்றான் மகன். "வண்டியைக் காணோம் வண்டியைக் காணோம்னு தெருத்தெருவாத் தேடுறாரு. வண்டி வாசல்லதான் நிக்குது. யாரோ வீட்டு வண்டி மாதிரி ஒதுங்கிப் போறாரு."

"உங்களைப் பார்த்தா என்னம்மா சொல்றாரு?" என்று நான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"நான்தான் இங்க இருக்கேனேன்னு சொன்னேன். 'நீங்க போங்கம்மா, எங்க வீட்டுக்காரி அங்க தனியா நின்னுட்டிருப்பா'ன்னாரு." தபாலம்மா இதைக் குரல் மாறாமல் சொன்னார். "மரியாதையாத்தான் சொன்னாரு."

போன மாதம் ஒரு லாரி பிரேக் அடித்து, அவர் சட்டைப் பொத்தானுக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருக்கிறது. அதன் பிறகு மகன் ஒரு முதியோர் இல்லத்தில் போய்ப் பேசிவிட்டு வந்தான். படிவத்தையும் நிரப்பியாகிவிட்டது. மாசக் கடைசியில் கொண்டுபோய் விடுவதாக முடிவு.

"வண்டி அவர் வண்டியா வாசல்ல நின்னா, அவர் தேடிப் போக மாட்டாரு" என்றார் தபாலம்மா.

"அம்மா சொல்றாங்கன்னு செய்யிறேன்" என்றான் மகன். அவன் கெட்டவன் இல்லை. தூக்கம் கெட்டவன். கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பை தொங்கியது.

பெயின்டர் அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். "சரி, என்ன கலர்ல இருந்துச்சு?"

"வெள்ளைக்குப் பக்கத்துல" என்றான் மகன்.

"வெள்ளை இல்ல" என்றார் தபாலம்மா. "பச்சைன்னு சொல்ல முடியாது. சாம்பல்னும் சொல்ல முடியாது. மழை விட்டப்புறம் வாசல் கல்லு காயுமில்ல, பாதி காய்ஞ்சும் பாதி காயாமலும், அந்தக் கலர்."

"அந்த நம்பர்ல டப்பா வராதும்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. தபாலம்மாவுக்கு வரவில்லை.

மறுநாள் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, அண்ணன் பின் பக்கத்தில் ஒரு மூலையைப் பிடித்து வாட்டர் பேப்பரால், ஈர உப்புத்தாளால், தேய்க்க ஆரம்பித்தார். ஒரு வண்டியின் சரித்திரம் வேண்டுமானால் இப்படித்தான் தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டு ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்தால், அடித்த நிறமெல்லாம் ஒவ்வொரு வளையமாக எழுந்து வரும். இங்கே வந்தது இரண்டே வளையம். மெரூன், அதற்குக் கீழே நேரடியாகப் பழைய பெயின்ட். நடுவில் பிடிப்புக்காகப் போடும் பிரைமரே இல்லை.

"எந்தச் சோம்பேறிப் பய அடிச்சது இது?" என்று கத்தினார். "பழசைச் சுரண்டல, பிரைமர் போடல, மேலாக்க நாலு இழுப்பு இழுத்து விட்டிருக்கான். அதான் கொப்பளிக்குது. இவனெல்லாம் துடைப்பக்கட்டையால பெயின்ட் அடிக்கிறவன்!"

அன்றைக்கு முழுக்க அந்தப் பெயர் தெரியாதவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தேய்த்தார். டீ குடிக்கும்போது திட்டினார், பன்னைக் கடித்துக்கொண்டே திட்டினார்.

டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி ரப்பர் பாயை உரித்தபோது கீழே பழைய பெயின்ட் அப்படியே கிடந்தது. வெயில் படாத, மழை படாத பெயின்ட். அப்போதுதான் காகிதம் பிரித்த சோப்பு மாதிரி ஒரு பச்சை. அண்ணன் அதன் மேல் கையை வைத்துத் தடவினார். "இதாண்டி தங்கச்சி ஒரிஜினல். கம்பெனியில அடிச்ச அன்னைக்கு இருந்தது இப்படித்தான்" என்றார்.

அதைப் பார்த்து நிறம் கலக்கினார். பானெட்டைச் சுரண்டி, பிரைமர் போட்டு, மூன்று கோட் அடித்தார். கம்ப்ரஸர் உறுமி நிற்கும், உறுமி நிற்கும். கண்ணாடி ஷீட் வழியாக இறங்கும் வெளிச்சத்தில் பச்சைப் புகை நடு ஷெட்டில் அசையாமல் தொங்கியது. அதற்குள் அண்ணன் மட்டும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு மெதுவாக இடமும் வலமும் நடந்தார். என் கண் இமையெல்லாம் பச்சைத் தூள். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னவோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான், அண்ணனிடம் சொல்லமாட்டேன், ஏறிக்கொள்வார்.

நானும் என் பங்குக்கு முன் சீட்டுகளைப் பிரித்தேன். இரண்டிலும் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு பள்ளம். பள்ளத்தைப் பார்த்தால் நிரப்ப வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். இடப்பக்கத்து சீட்டில் புதுப் பஞ்சைத் திணித்து, கும்மென்று தைத்து மாட்டினேன். பஞ்சு அதோடு தீர்ந்தது, டிரைவர் சீட்டைப் பள்ளத்தோடே திருப்பி மாட்டினேன்.

நாலாம் நாள் டிரைவர் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒல்லியாக, உயரமாக, தலையை வகிடெடுத்துச் சீவி, கையில் சாவியோடு வந்தார். சுத்தமான மனுஷர். பச்சைப் பானெட்டுக்கு முன்னால் நின்றார்.

"நல்ல வண்டி" என்றார். "யாருது?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலாயிடுச்சே. எனக்கு நேரமாச்சுப்பா" என்று வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். மகன் பின்னாலேயே ஓடினான்.

பெயின்டர் அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. "ஒரிஜினல் கலரும்மா. மயிரிழை மாறல."

"அது கடையில இருந்த கலரு" என்றார் தபாலம்மா. "அந்தக் கலர்ல அவர் ஓட்டினது ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. அப்புறம் வெயில்ல வெளுத்துடுச்சு. அவருக்கு ஞாபகம் இருக்கிற வண்டி வெளுத்த வண்டி."

சொல்லிவிட்டு வாளியிலிருந்து ஒரு வாட்டர் பேப்பரை எடுத்தார். டிரைவர் பக்கக் கதவில், ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே, ஒரு இடத்தைக் கையால் தடவிப் பார்த்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அம்மா, விரல் தேஞ்சிடும். குடுங்க."

"எனக்கு இடம் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

அந்த முரட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு இருப்பதிலேயே மெல்லிய தாளை, இரண்டாயிரம் நம்பரை, அண்ணன் கொடுத்தார். சோப்புத் தண்ணீர் ஊற்ற நான் நின்றேன். வெளியே மறுபடி தூறல். கூரைக் கண்ணாடியில் நீர் ஓட, அதன் நிழல் கதவின் மேல் ஓடியது. மெரூன் கரைந்து அவர் மணிக்கட்டு வழியாக இறங்கி, முழங்கையில் சொட்டியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தேய்த்தார். மெதுவாக, நீருக்குள்ளிருந்து எழுகிற மாதிரி அந்த நிறம் வந்தது. பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. வாசலில் பாதி காய்ந்த கல்.

அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் தேய்ந்திருந்தது. பெயின்ட் மெலிந்து, மெலிந்த ஓரத்தில் செம்மண் நிறப் பிரைமர், அதற்கும் உள்ளே வெறும் தகரம் மழமழவென்று. ஆண்டாண்டாக அங்கே ஒரு முழங்கை உட்கார்ந்து எழுந்திருக்கிறது.

தபாலம்மா தன் முழங்கையை அதில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அவர் குள்ளம். கையை எடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தார்.

"இதை மட்டும் இப்படியே விட்டுடுங்க."

"எப்படியே?" என்றார் அண்ணன்.

"இப்படியே."

"அம்மா, என்ன பேசுறீங்க? புதுசா அடிச்ச வண்டியில கதவு நடுவுல இப்படி ஒரு சொட்டையை விட்டா, பார்க்கிறவன் காறித் துப்புவான். 'எவன்டா பெயின்டரு'ன்னு கேப்பான். நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்."

"அவரும் இருபத்தாறு வருஷம் இருந்தாரு."

"அது சரி... ஆனா துரு ஏறும்மா. தகரம் தெரியுது பாருங்க."

"தினமும் துடைக்கிறேன்."

அண்ணன் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குக் கோபம் வந்தால் தின்னர் டப்பா இருக்கிற இடத்தில் பீடி பிடிக்கக் கூடாது என்கிற புத்தி மட்டும் எப்படியோ மிச்சம் இருக்கும்.

தபாலம்மா போன பிறகு அண்ணன் உள்ளே வந்து, பெயின்ட் உள்ளே போகாமலிருக்கப் பெட்ரோல் மூடியைத் திறந்து டேப் ஒட்டப் போனார். அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வண்டியை முடித்ததும், ஈரம் காய்வதற்குள் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் கட்டைவிரலை அழுத்துவார். கையெழுத்துக்குப் பதில் ரேகை. வெளியே யாருக்கும் தெரியாது. மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல."

நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். மெரூனில் ஒரு கட்டைவிரல். ரேகைக்குக் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பை நான் ஒன்பது வருடமாகப் பார்த்துவருகிறேன்.

எனக்கு வந்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "சோம்பேறிப் பய... துடைப்பக்கட்டை..."

"நிறுத்துடி. பதினோரு வருஷம் முன்னாடி எனக்கு டைபாய்டு. ஜுரத்தோட அடிச்சிருப்பேன், எந்த வண்டின்னே ஞாபகமில்ல. கல்யாணத்துக்கு வேணும் கல்யாணத்துக்கு வேணும்னு அந்தப் பையன் உயிரை எடுத்திருப்பான்." பிறகு அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் கதவுக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேய்ந்த இடத்தை விரலால் தொட்டார். "நான் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இது அன்னைக்கே போயிருக்கும். சுரண்டி எறிஞ்சிருப்பேன்" என்றார்.

"அதுக்கு இப்ப என்ன?"

"இப்ப ஒழுங்கா செய்யக் கூடாதுன்னு தோணுது."

சற்றுக் கழித்து அவரே சொன்னார்: "இல்ல, ஒழுங்காச் செய்யணும். வேற மாதிரி."

அதன் பிறகு ஆறு நாள் அந்த ஒரு கதவுக்கே போயிற்று. கதவு முழுக்க மெரூனை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருப்பதை அப்படியே விடுவது, அதைப் பார்த்து மீதி வண்டிக்கு நிறம் கலக்குவது என்று திட்டம். சொல்வது சுலபம். இரண்டு பெயின்டுக்கும் நடுவில் ஒரு முடி கனம்கூட இல்லை. நாலு தேய்ப்பு குறைந்தால் மெரூன் திட்டுத் திட்டாக நிற்கும், நாலு தேய்ப்பு கூடினால் பழசு போய்விடும். போனால் போனதுதான், கடையில் வாங்க முடியாது. கைப்பிடிக்குக் கீழே நான் ஒரு காசு அளவு இடத்தைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டேன். அண்ணன் பார்த்துவிட்டு, திட்டுவார் என்று நினைத்தால், "சாவி உரசின மாதிரிதான் இருக்கு, விடு" என்றார். அவர் திட்டாதது எனக்கு என்னவோ போல இருந்தது.

தபாலம்மா தினமும் மத்தியானம் வருவார். வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு, அவித்த முட்டையும் ரொட்டியும் கட்டிக்கொண்டு வந்து, எங்களுக்கும் கொடுத்துவிட்டுத் தேய்க்க உட்காருவார். மூன்று பேரும் ஒரு கதவின் முன்னால், பேச்சில்லாமல், தண்ணீரும் தாளும் சர்ரு சர்ரு என்று. தரையில் மெரூன் தண்ணீர் நெளிந்து வாசல் சாக்கடைக்குப் போகும். சில சமயம் அவர் தானாகப் பேசுவார்.

"ஜன்னல்ல கையை வெச்சுக்கிட்டுதான் ஓட்டுவாரு. என்னைப் பார்த்ததும் அந்தக் கையை எடுத்து உள்பக்கமா நீட்டி, எனக்குக் கதவைத் திறந்துவிடுவாரு. இறங்க மாட்டாரு. 'எவ்வளவு நேரமா நிக்கிற?'ம்பாரு. பத்து நிமிஷம் நின்னிருந்தாலும் 'இப்பதான் வந்தேன்'னு சொல்லுவேன்."

"ஏன்மா, நின்னேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மறுநாள் சவாரியைப் பாதியில விட்டுட்டு வந்துடுவாரு."

நிறம் கலக்குவதில் அண்ணன் பைத்தியமாகிவிட்டார். தகரத் துண்டுகளில் அடித்து, காயவைத்து, கதவோரம் வைத்துப் பார்ப்பார். காலையில் ஒத்துப்போவது மத்தியானம் விலகிப்போகும். பதினோரு துண்டு வீணாயிற்று. கடைசியில், "அவரு எத்தனை மணிக்குப் பார்ப்பாரு?" என்று கேட்டார். நாலரைக்கு என்றேன். அதன் பிறகு நாலரை மணி வெளிச்சத்தில் மட்டுமே கலக்கினார், நாலரை மணி வெளிச்சத்தில் மட்டுமே ஒப்பிட்டார். பன்னிரண்டாவது துண்டைக் கதவின் மேல் வைத்தபோது துண்டு எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி முழுக்க அடித்து முடித்தது வெள்ளிக்கிழமை. ஈரம் காய்வதற்கு முன் பெட்ரோல் மூடியைத் திறந்தார், பிறகு மூடிவிட்டார். கட்டைவிரலைப் பதிக்கவில்லை.

மறுநாள் மகன் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வருவதற்கு முன் அம்மாவை நிறுத்தி, "அம்மா, இன்னைக்கும் வண்டியை அவருக்கு அடையாளம் தெரியலைன்னா, திங்கக்கிழமை கொண்டுபோய் விட்டுடுறேன். என்னால முடியல. மறுபடி ஒரு லாரிக்கு முன்னால அவரைப் பார்க்க என்னால முடியாதும்மா" என்றான். தபாலம்மா சரி என்று தலையை ஆட்டினார்.

மணி நாலு இருபது. மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது. டிரைவர் ஐயா சாவியோடு உள்ளே வந்தார். எதையோ தேடிக்கொண்டே எங்களைக் கடந்தார், தையல் மெஷினைக் கடந்தார், வண்டியையும் கடந்தார். கடந்து போனவருடைய கை மட்டும் பின்னால் நின்றது. கதவில், ஜன்னலுக்குக் கீழே, அந்தத் தகரத்தின் மேல் நின்றது.

திரும்பினார். விரலால் ஒரு தரம் சுற்றித் தடவினார்.

"இங்கயா நிக்கிற?" என்றார் வண்டியிடம். "ஊரெல்லாம் தேடுறேன்."

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். முழங்கை தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இம்மியும் பிசகவில்லை. தபாலம்மா ஓடிப்போய் முன் கதவில் கை வைத்தார். டிரைவர் ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"பின்னாடி ஏறிக்கங்கம்மா. முன் சீட்டு எங்க வீட்டுக்காரிக்கு. போற வழியில முனையில நிப்பா, அவளையும் ஏத்திக்கிட்டு உங்களை இறக்கி விட்டுடுறேன்."

தபாலம்மா கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "சரிங்க" என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

டிரைவர் ஐயா சாவியைத் திருகினார். பேட்டரி இன்னும் மூலையில் கிடந்தது. இரண்டு தரம் திருகிவிட்டு, ஜன்னல் வழியே மகனைக் கூப்பிட்டார். "தம்பி, ஸ்டார்ட் ஆகல. கொஞ்சம் தள்ளிவிடுங்களேன். நேரமாச்சு, அவ நிப்பா."

மகன் வண்டிக்குப் பின்னால் வந்து கையை வைத்தான். அண்ணனும் நானும் வைத்தோம். வண்டி அசைந்து ஷெட்டைவிட்டு வெளியே உருண்டது. முற்றம் சமதரை, வாசல் கேட் வரை ஐம்பதடி இருக்கும். கேட் பூட்டியிருந்தது. டிரைவர் ஐயா ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஈரக் குட்டைகளையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார். இன்ஜின் சத்தமே இல்லாமல் வண்டி போயிற்று. சாய்வெயிலில் அது பச்சையா, சாம்பலா, ஒன்றும் சொல்ல முடியவில்லை. தூரத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால் பழைய வண்டி ஒன்று தானாகவே வீட்டுக்குப் போகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். கேட்டை ஒட்டிய மதில் முனைக்கு வந்ததும் பிரேக்கை மிதித்தார். இடப்பக்கம் குனிந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"இங்கதான் நிப்பா" என்றார். மறுபடி குனிந்து பார்த்தார்.

பின் கதவு மெல்லத் திறந்தது. தபாலம்மா இறங்கினார். டிரைவர் ஐயா கண்ணாடியில் பார்க்கிற பக்கமாகப் போகாமல் வண்டிக்குப் பின்னால், நாங்கள் மூன்று பேரும் நிற்கிற இடத்துக்கு வந்தார். மகன் முகமெல்லாம் நனைந்திருந்தது. தணிந்த குரலில் கேட்டான்:

"அம்மா... தினமும் இப்படியா?"

"நாலரைக்கு நீ வந்தாப் போதும்" என்றார். "தள்ள ஆள் வேணும்."

அவன் தலையை ஆட்டினான். தபாலம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். கைப்பையைத் தோளில் மாட்டி, சுற்றிக்கொண்டு போய் முன் கதவுக்குப் பக்கத்தில், மதிலோரமாக, பார்வையைத் தெருப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றார்.

ஜன்னலிலிருந்து முழங்கை எழுந்தது. அந்தக் கை உள்பக்கமாக நீண்டு, கதவைத் திறந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"இப்பதான் வந்தேன்."

ஏறி உட்கார்ந்தார். நான் பஞ்சைத் திணித்து வைத்த சீட் அவரைக் கும்மென்று தூக்கிவிட்டது. பாவி, அந்தப் பள்ளத்தை ஏன் நிரப்பினேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். டிரைவர் ஐயா மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன இன்னைக்கு, உசரமாத் தெரியுற?"

"புதுச் செருப்பு" என்றார் தபாலம்மா.

"ம்" என்று அவர் முழங்கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எங்களைப் பார்த்து, "தம்பி, இன்னும் கொஞ்சம்" என்றார்.

இன்னும் தள்ளினால் முன்னால் கேட்டில் இடிக்கும். பெயின்டர் அண்ணன் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். நாங்கள் தள்ளினோம்.